சென்னைச் சட்டமும் ஹைதராபாத் சட்டமும்: அடிக்குறிப்பில் எந்தப் பெயர்?

ஆய்வேட்டில் ஒரு சட்டத்தைச் சுட்ட, பெயர், ஆண்டு, எண், பிரிவு ஆகிய நான்கும் வேண்டும். மத்தியச் சட்டங்களில் இது பெரும்பாலும் எளிது. மாநில நிலச் சட்டங்களில்தான் பெயரே கைநழுவுகிறது.

சென்னை மாகாணத்தில் ஜமீன்களை ஒழித்தது 1948ஆம் ஆண்டின் 26ஆம் எண் சட்டம். 1969 ஜனவரி 14 அன்று மாநிலத்தின் பெயர் மாறியபோது, சட்டத் தழுவல் ஆணை பழைய சட்டங்களின் தலைப்பிலும் 'தமிழ்நாடு' என்று மாற்றியது. 1948இல் தமிழ்நாடு என்ற பெயரில் மாநிலமே இல்லை. ஆனாலும் 'தமிழ்நாடு எஸ்டேட்டுகள் (ஒழிப்பு மற்றும் ரயத்துவாரியாக மாற்றல்) சட்டம், 1948' என்று எழுதுவது பிழையாகாது. அதே சட்டம் ஆந்திரத்தில் 'ஆந்திரப் பிரதேச (ஆந்திரப் பகுதி)' என்ற முன்னொட்டோடு, அதே எண்ணில் வழங்கியது. இரு மாநிலங்களும் தனித்தனியே திருத்திய சட்டம் அது. ஆகவே '1948இன் 26' என்று மட்டும் எழுதினால் எந்த மாநிலத்து வாசகம் என்று தெரியாது.

ஹைதராபாத்தில் சிக்கல் இன்னும் ஆழம். நிஜாம் ஆட்சி முடிந்தபின் வந்த 'ஹைதராபாத் குத்தகை மற்றும் வேளாண் நிலங்கள் சட்டம்' 1950இன் 21ஆம் எண். 1956 நவம்பர் 1இல் ஆந்திரப் பிரதேசம் உருவானபின் அது 'ஆந்திரப் பிரதேச (தெலங்கானா பகுதி)' சட்டமாயிற்று. 2014ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்புச் சட்டம், 101ஆம் பிரிவில், பழைய சட்டங்களைத் தழுவி அமைத்துக்கொள்ள இரண்டு ஆண்டு அவகாசம் தந்தது. 2016இல் தெலங்கானா தன் தழுவல் ஆணையை வெளியிட்டது; பெயர் மீண்டும் மாறியது. பாதுகாக்கப்பட்ட குத்தகைதாரரை நில உரிமையாளராக்கும் 38-இ பிரிவைத் தேடுபவர் இன்றைய பெயரை மட்டும் வைத்துத் தேடினால், பழைய பெயர்களில் பதிவான தீர்ப்புகளை இழந்துவிடுவார். அது சிறிய இழப்பல்ல. அந்த உழவர்களின் வழக்கு வரலாற்றையே இழப்பதாகும்.

ஆண்டிலும் கவனம் வேண்டும். திருநங்கையரைப் பதிவேட்டில் ஏற்றச் சொன்ன நிஜாம் காலச் சட்டத்தை, 2023 ஜூலையில் தெலங்கானா உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அதன் ஆண்டு 1329 பசலி. நம் வருவாய்க் கணக்கிலும் பசலி உண்டு என்பதால் தமிழ் ஆய்வாளருக்கு இது புதிதல்ல. தெரியாதவர் அதை இடைக்காலச் சட்டமாகவே எண்ணக்கூடும். 'பசலி' என்ற சொல்லை விடாமல், அருகில் 1919 என்று சேர்ப்பதே முறை.

நிகழ்வு நடந்த காலத்துப் பெயரையே கட்டுரைக்குள் எழுதி, இன்றைய பெயரை முதல் அடிக்குறிப்பில் தருவதுதான் சரி என்பது என் முடிவு. ஹைதராபாத் ஆய்வுக்கு இது கட்டாயம். தமிழ்நாட்டு ஆய்வுக்கும் நல்லது. எண்ணையும் ஆண்டையும் ஒருபோதும் பிரிக்க வேண்டாம். இன்னொருவர் ஆய்வேட்டிலிருந்து சட்டப் பெயரைப் பெயர்த்தெழுதாமல், சட்ட நூலின் முதல் பக்கத்துக் குறிப்பை ஒருமுறை திறந்து பாருங்கள்.