பொருள் வெளியே போற வழி

டெல்லி ராஷ்டிரபதி பவனில் 340 அறைகள். 2002 ஜூலையில் அப்துல் கலாம் அங்கே குடிபோனபோது கையில் இருந்தது இரண்டு சூட்கேஸ். 2007 ஜூலையில் பதவி முடிஞ்சு கிளம்பும்போதும் அதே இரண்டு சூட்கேஸ்தான். கூடப் போனது அவருடைய சொந்தப் புத்தகங்கள். அஞ்சு வருஷமா வந்த பரிசுப் பொருளெல்லாம் அரசாங்கக் கணக்கிலேயே தங்கிருச்சு.

வீட்டில் இருக்கிறதைக் குறைச்சு, கொஞ்சப் பொருளோட வாழணும்னு பேச்சு வந்தால் பட்டணத்து நண்பர்கள் இந்தக் கதையைத்தான் சொல்றாங்க. எங்க மாவட்டத்துக்காரர் ஆச்சே, கேட்க எனக்கும் பெருமைதான். ஆனா அதோட நிறுத்த மாட்டாங்க. "உங்க ராமநாதபுரம் வறண்ட பூமி. அங்க இருக்கிறவங்களுக்கு ஒண்ணுமில்லாம வாழ்றது பழக்கம்தானே"ன்னு ஒரு வார்த்தை சேர்த்துக்குவாங்க. அங்கதான் எனக்கு ஒப்பலை.

எங்க பக்கம் வறுமை இருந்தது, இல்லைங்கல. ஆனா வீட்டில் பொருள் குமியாம இருந்ததுக்கு அது மட்டும் காரணம் இல்லை. உள்ளே வந்த ஒவ்வொரு பொருளுக்கும் வெளியே போக ஒரு வழி இருந்தது. அந்த வழிகள் என்னென்ன, எப்ப அடைபட்டுச்சுங்கிறதைத்தான் இதில் எழுதுறேன்.

கலாம் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். ராமேஸ்வரம் மசூதித் தெருவில் இருக்கும் அந்த வீடு குடிசை கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்பும் செங்கல்லும் வெச்சுக் கட்டின நல்ல காரை வீடு. அவருடைய அப்பா ஜைனுலாப்தீன் அவசியமில்லாத வசதிகளை ஒதுக்கி வெச்சவர், அதே நேரம் சாப்பாட்டுக்கோ மருந்துக்கோ துணிமணிக்கோ வீட்டில் குறை வெச்சதில்லைன்னு 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தில் கலாம் எழுதியிருக்கார். அந்த வீட்டில் தினமும் வெளியாட்கள் நிறையப் பேர் சாப்பிட்டாங்க. ஆக, பானையில் இருந்தது. வயித்துக்கும் வந்தவங்களுக்கும் போச்சு. தேங்கலை.

அதே புத்தகத்தில் இன்னொரு விஷயம். இரண்டாம் உலகப் போர் தொடங்கின சமயம் புளியங்கொட்டைக்குத் திடீர்னு கிராக்கி வந்தது. சிறுவன் கலாம் பொறுக்கிக்கிட்டுப் போய் மசூதித் தெருக் கடையில் போட்டால் ஒரு நாளைக்கு ஓரணா கிடைக்கும். புளியைக் கரைச்சுட்டுத் தூக்கி எறியிற கொட்டைக்கும் ஒரு கடை, ஒரு விலை இருந்த காலம் அது.

அப்பா ராமேஸ்வரம் பஞ்சாயத்துத் தலைவர் ஆன புதுசில் யாரோ கொண்டுவந்த பரிசை வீட்டில் வாங்கி வெச்சதுக்காக அவரிடம் அடி வாங்கினதையும் கலாம் மேடைகளில் சொல்லியிருக்கார். அவர் கைக்கு வந்த பரிசெல்லாம் பின்னாடி டெல்லியிலேயே தங்கினதுக்கு விதை இங்க விழுந்திருக்கணும்னு நினைக்கிறேன். வீட்டுக்குள்ள எது வரலாம்னு வாசலிலேயே முடிவு பண்ற பழக்கம் அது.

இனி எங்களை மாதிரி சம்சாரி வீடுகளுக்கு வருவோம். நான் பிறந்தது 1970 வாக்கில். எனக்கு விவரம் தெரிஞ்ச நாளில் எங்க வீட்டில் இருந்த சாமானில் பாதி பனைமரத்திலிருந்து வந்தது. சாயல்குடி, கடலாடிப் பக்கம் போனால் இன்னைக்கும் பனைக்கூட்டத்தைப் பார்க்கலாம். படுக்க ஓலைப்பாய். சாமான் போட்டு வைக்கக் கொட்டானும் நார்ப்பெட்டியும். நெல் சுமக்கக் கடகம். புடைக்கச் சொளகு. கட்டிலுக்குப் பனைநார். நெல்லுக்கு மட்டும் மண்ணில் செஞ்ச குலுக்கை. விதைக்கும் பயறுக்கும் மூலையில் அடுக்குப்பானை.

ஓலைப்பெட்டிக்கு ஆயுசு கொஞ்ச வருஷம்தான். ஓட்டை விழுந்தால் எங்க அப்பத்தா பழைய காகிதத்தை ஊற வெச்சு, வெந்தயத்தோட சேர்த்து ஆட்டி, பெட்டி மேல அப்பிக் காயவெச்சிரும். இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். அதுக்கும் மேல தாங்கலைன்னா அடுப்புக்கு. குலுக்கை உடைஞ்சால் மண்ணை ஊறப்போட்டு வீட்டுச் சுவர் பூசிருவாங்க. பழைய சேலை தொட்டில் ஆகும், அப்புறம் பிள்ளைத்துணி, அப்புறம் கரித்துணி. நைஞ்ச வேட்டி கடைசியில் விளக்குத் திரி. இதை யாரும் கொள்கைன்னு சொல்லிச் செய்யலை. அது பாட்டுக்கு நடந்தது.

உலோகத்துக்கு வழி வேற. பித்தளை அண்டாவும் குடமும் வீட்டுக்கு அலங்காரம் கிடையாது. அதுதான் எங்க பேங்க். மழை பொய்ச்ச வருஷம் முதலில் வாசலைத் தாண்டுறது பித்தளைக் குடம். அடகுக் கடைக்குப் போகும். மகசூல் கண்ட வருஷம் திரும்பி வரும். சில குடம் திரும்பாமலும் போகும். அதனால் கல்யாணச் சீரில் பாத்திரம் கேட்டதைப் பேராசைன்னு ஒரே வார்த்தையில் தள்ளிற முடியாது. கணவன் வீட்டில் அந்தப் பொண்ணுக்குன்னு கையில் இருக்கிற முதல் அது.

அப்புறம் தெருவுக்கு வர்றவங்க. கடற்கரையிலிருந்து கூடையில் கருவாடு கொண்டுவந்து நெல்லுக்கு மாத்திட்டுப் போற அம்மாக்கள். பித்தளைக்கு ஈயம் பூசுறவர். அம்மி கொத்துறவர். சாணை பிடிக்கிறவர். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தர்ற சைக்கிள்காரர். பழைய துணிக்குப் பாத்திரம் தர்றவர். இவங்க பாதிப்பேர் பழுது பார்க்க வந்தாங்க, மீதிப்பேர் வாங்கிட்டுப் போக வந்தாங்க. சும்மா கிடக்கிற பொருளை எடுத்துப் போகத் தெருவே ஆள் அனுப்பின மாதிரி.

எல்லாத்துக்கும் கடைசி வழி குப்பைக்கிடங்கு. இந்த வார்த்தையைப் பட்டணத்தில் இருக்கிறவங்க கொஞ்சம் நிதானமாப் படிக்கணும். எங்க பாஷையில் குப்பைன்னா உரம். "வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா?"ன்னு கேட்டால் எரு கொண்டுபோய்ப் போட்டாச்சான்னு அர்த்தம். சாணி, சாம்பல், கூட்டின தூசி, மட்கின ஓலை, காய்த்தோல் எல்லாம் வருஷம் பூரா அந்தக் குழியில் சேரும். சித்திரை, வைகாசியில் வண்டி கட்டி வயலுக்கு அடிப்போம். ஆவணி, புரட்டாசியில் மழையை எதிர்பார்த்துப் புழுதியில் விதைக்கிற நெல்லுக்கு அதுதான் அடியுரம். பொங்கலுக்கு முந்தி வீட்டை ஒழிச்சு வெள்ளையடிச்சு, பீளைப்பூவும் வேப்பிலையும் ஆவாரம்பூவும் சொருகுறப்போ வெளியேத்தின பழசெல்லாம் அந்தக் குழியில் விழுந்து, அடுத்த பொங்கலுக்கு அரிசியா வீட்டுக்குள்ள வரும்.

இதையெல்லாம் சொல்றதால அந்தக் காலம் பொற்காலம்னு அர்த்தம் பண்ணிக்க வேண்டாம். குறைஞ்ச பொருளோட வாழ்றது எங்க கரையில் பல பேருக்கு விருப்பப்பட்டு வந்ததில்லை.

1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். ரயில் நிலையம், தபால் நிலையம், தேவாலயம்னு ஊர் வளர்ந்தது. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்து, விடியிறதுக்குள்ள ஊர் இல்லை. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலை அலை இழுத்துக்கிட்டது. அதில் இருந்த நூத்துக்கும் மேற்பட்டவங்களில் ஒருத்தரும் மிஞ்சலை. ஊரில் தப்பிச்சவங்களுக்கு உடுத்தின துணிதான் மிச்சம். குடியிருக்கத் தகுதியில்லாத இடம்னு அரசாங்கமும் அறிவிச்சது.

அதே வருஷம் அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கிறதா ஆச்சு. இலங்கைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையா உழைச்ச தமிழர்கள். பின்னாடி வந்த வருஷங்களில் அவங்க தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாப் போனாங்க. ஒரு குடும்பத்தின் மொத்த வாழ்க்கையும் ஒரு ட்ரங்குப் பெட்டியும் ரெண்டு மூட்டையும். 1983 ஜூலைக்கு அப்புறம் வந்தவங்க நிலை இன்னும் மோசம். ராத்திரியோட ராத்திரியாப் படகில் வந்து கரையிறங்கினவங்க பலரிடம் ஒரே ஒரு பை. அதில் துணியைவிட முக்கியமா இருந்தது பிறப்புச் சான்றிதழும் பள்ளிக்கூடச் சான்றிதழும் குடும்பப் போட்டோவும்.

எதை வெச்சுக்கணும், எதை விடணும்னு புத்தகம் போட்டுச் சொல்லித் தர்ற காலம் இது. அந்தப் படகில் ஏறினவங்க அஞ்சு நிமிஷத்தில் முடிவு பண்ணியிருக்காங்க. அதனால 'குறைச்சு வாழ்றது அழகு'ன்னு எழுதுறவங்க மண்டபத்தையும் ஒருதடவை நினைச்சுக்கணும். கலாமின் இரண்டு சூட்கேஸ் அவராத் தேர்ந்தெடுத்தது. அவங்க மூட்டை அடுத்தவங்க தேர்ந்தெடுத்தது.

சரி, வழிகள் எப்ப அடைபட்டது? ஒரே நாளில் இல்லை. 1970-களில் எவர்சில்வர் வந்தது. அது நல்ல சாமான், ஈயம் பூச வேண்டாம். ஈயம் பூசுறவர் வரத்து நின்னுச்சு. அடுத்து பிளாஸ்டிக் குடம். லேசா இருக்கு, தண்ணிக்கு மைல் கணக்கில் நடக்கிற பொம்பளைகளுக்கு அது பெரிய வரம். நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா பிளாஸ்டிக் குடத்தை அடகு வைக்க முடியாது, அடுப்பில் போட முடியாது, குழியில் போட்டால் மட்காது. அதே காலத்தில் கீழக்கரை, தொண்டிப் பக்கமிருந்தும் உள்கிராமங்களிலிருந்தும் ஆட்கள் அரபு நாடுகளுக்குப் போனாங்க. லீவுக்கு வரும்போது பெரிய பெரிய பெட்டி. எங்க ஊர் வெயிலுக்குப் போர்த்தவே முடியாத தடிமனான கம்பளிப் போர்வை ஒவ்வொரு வீட்டு பீரோவிலும் இருக்கு. அனுப்பின பிள்ளையோட பாசம் அதில் இருக்கிறதால தூக்கியும் போட முடியலை.

2006இல் இலவசக் கலர் டிவி வந்தது. 2011இல் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன். ஆட்டுக்கல்லில் கிடந்த கைகளுக்கு அது ஓய்வு கொடுத்தது நிஜம். ஆனா டிவி கெட்டபோது அதுக்கு வழி இல்லை. பழைய சாமான் வாங்க வர்றவர் உடைச்சு செம்புக் கம்பியை உருவிக்கிறார். கண்ணாடியைக் கண்மாய்க் கரையில் கொட்டிட்டுப் போறார்.

2019 ஜனவரி 1ஆம் தேதி ரெண்டு விஷயம் நடந்தது. ஜப்பானைச் சேர்ந்த மாரி கோண்டோ வீடு ஒதுக்கச் சொல்லித்தர்ற நிகழ்ச்சி நெட்ஃபிளிக்ஸில் வந்தது அன்னைக்குத்தான். ஒரு பொருளைக் கையில் எடு, மனசுக்குச் சந்தோஷம் தந்தால் வை, இல்லைன்னா நன்றி சொல்லி விடுன்னு அந்தம்மா சொல்வாங்க. தமிழ்நாட்டில் ஒருதடவை பயன்படுத்தித் தூக்கி எறியிற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததும் அதே நாள்தான். முதல் விஷயம் வீட்டுக்குள்ள பார்த்தது. ரெண்டாவது, வாசலுக்கு வெளியே என்ன ஆகுதுன்னு பார்த்தது. ரெண்டையும் சேர்த்துப் பார்க்கிறவங்க கம்மி.

ராமேஸ்வரம் வர்றவங்களுக்கு இது சட்டுனு புரியும். அக்னி தீர்த்தத்தில் முழுகினதும், உடுத்தின துணியை அங்கேயே விட்டால் பாவமும் தோஷமும் அதோட போகும்னு ஒரு நம்பிக்கை. அந்தத் துணியைக் கடலில் விடாதீங்கன்னு அதிகாரிகள் சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க. முன்னே அது பருத்தி, கடல் மெதுவாத் தின்னுச்சு. இப்ப பாதிக்கு மேல பாலியெஸ்டர். கடல் அதைத் திரும்பக் கொண்டுவந்து கரையில் போடுது, இல்லைன்னா மீன் வலையில் ஏத்திவிடுது. விட்டுட்டுப் போறவங்களுக்கு மனசு லேசாகுது. அந்தப் பாரம் வலை இழுக்கிறவங்க கைக்கு மாறுது.

எங்க வயலிலும் அதே கதைதான். போன சித்திரையில் நாலு வண்டி குப்பை அடிச்சோம். வண்டியில் ஏத்தும் முன்னாடி நானும் வீட்டம்மாவும் உட்கார்ந்து பொறுக்கினது ஒரு சாக்கு நிறைய. பால் பாக்கெட், ஷாம்பு பாக்கெட், கிழிஞ்ச நைலான் பாய், செருப்பு. அப்படியே வயலுக்குப் போனால் தாள் கிடக்கிற இடத்தில் மழைத்தண்ணி இறங்காது, அதுக்கடியில் விழுந்த நெல் வெளியே வராது. புழுதியில் விதைச்சுட்டு வானத்தைப் பார்க்கிறவனுக்கு ஒவ்வொரு சொட்டும் கணக்கு. பக்கத்துக் காட்டுக்காரர் இந்தத் தொல்லைக்குப் பயந்து குப்பை அடிக்கிறதையே விட்டுட்டார். மூட்டை உரம்தான் போடுறார். உரமா இருந்த வார்த்தை, கழிவுன்னு ஆகிப்போச்சு.

அதனால வீட்டைச் சுத்தம் பண்றவங்களுக்கு என் பங்குக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். ஒழிக்கிற நாளில் ஒவ்வொரு பொருளையும் வெச்சுக்கிறதா வேண்டாமான்னு யோசிக்கிறீங்க, நல்லது. அதே யோசனையைக் கடையில் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி பண்ணுங்க: இது கெட்டுப்போனால் எந்த வழியா என் வீட்டை விட்டுப் போகும்? ரிப்பேர் பண்ண ஆள் இருக்கா, வாங்கிக்க ஆள் இருக்கா, மண்ணு ஏத்துக்குமா? மூணுக்கும் பதில் இல்லைன்னா, அது கடைசியில் ஏதோ ஒரு ஊர்க் கண்மாய்க்கோ கடலுக்கோதான் வந்து சேரும்.

சாயல்குடிப் பக்கம் ஓலைப்பெட்டி முடையிற பெண்கள் இப்பவும் இருக்காங்க. இந்த வருஷம் மிளகாய் வத்தல் போட்டு வைக்க அவங்ககிட்ட ஆறு பெட்டி சொல்லியிருக்கேன். அஞ்சாறு வருஷத்தில் அதுவும் நைஞ்சு போகும். போகட்டும், எங்க வீட்டு அடுப்பு பக்கத்திலேயேதான் இருக்கு.