டார்ஸ்டன் வீஸல்: ஆய்வகமும் நாற்காலியும்

அறிவியல் வரலாற்றில் சில பெயர்கள் இணையாகவே வழங்குகின்றன. மூளை பார்வையை எவ்வாறு ஆள்கிறது என்று படிப்போருக்கு ஹ்யூபெல், வீஸல் ஆகிய இருவரும் அத்தகையோர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரே ஆய்வகத்தில் உழைத்து, 1981இல் மருத்துவ நோபல் பரிசின் ஒரு பாதியைப் பகிர்ந்துகொண்டவர்கள். ஆனால் ஒரு விஷயத்தில் இருவரும் வெவ்வேறு வழி சென்றார்கள். டேவிட் ஹ்யூபெல் 1967இல் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் உடலியங்கியல் துறைத் தலைவரானார். சில மாதங்களிலேயே பதவியை உதறிவிட்டு ஆய்வகம் திரும்பினார். டார்ஸ்டன் வீஸலோ 1973இல் அங்கேயே நரம்பு உயிரியல் துறையின் தலைமையை ஏற்றார்; பின்னாளில் ஒரு பல்கலைக்கழகத்தின் தலைமையையே ஏற்றார். தேர்ந்த ஆய்வாளர் ஒருவர் நிர்வாகத்துக்குப் போவது அறிவியலுக்கு இழப்புதானா என்ற பழைய கேள்விக்கு, வீஸலின் வாழ்க்கை எளிதில் ஒதுக்கிவிட முடியாத ஒரு விடை.

வீஸல் 1924இல் ஸ்வீடனின் உப்சாலாவில் பிறந்தார். தந்தை ஸ்டாக்ஹோமை ஒட்டிய மனநல மருத்துவமனை ஒன்றின் தலைமை மருத்துவர். மகன் வளர்ந்ததும் அவ்வளாகத்திலேதான். கரோலின்ஸ்காவில் மருத்துவம் முடித்து, 1955இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஸ்டீபன் கஃப்லரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1958இல் ஹ்யூபெலும் அங்கு வந்தார்.

பூனையின் மூளைப் புறணியில் நுண்மின்முனையைச் செருகி, கண்ணெதிரே ஒளிப்புள்ளிகளைக் காட்டிப் பார்த்தார்கள். உயிரணுக்கள் அசையவில்லை. கண்ணாடிச் சில்லைக் கருவிக்குள் தள்ளியபோது, அதன் விளிம்பு திரையில் ஒரு கோடாக நகர, ஓர் உயிரணு படபடவென்று துடித்தது. குறிப்பிட்ட சாய்வு கொண்ட கோடுகளுக்கே இவ்வுயிரணுக்கள் பதில் தருகின்றன என்பது அவ்வாறு தெரியவந்தது.

அடுத்த கண்டுபிடிப்பு இன்னும் ஆழமானது. பிறந்த பூனைக்குட்டியின் ஒரு கண்ணை முதல் சில மாதங்கள் தைத்து மூடிவைத்துப் பிறகு திறந்தார்கள். கண்ணில் குறையேதும் இல்லை. ஆயினும் அக்கண்ணால் பார்க்க இயலவில்லை. புறணியில் அதற்குரிய இடத்தை மறு கண் பிடித்துக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தபோது தீங்கு நேரவில்லை. பார்வை உருவாக ஒரு பருவம் உண்டு. அது கடந்தால் இழந்ததை மீட்பது கடினம். பிறவிக் கண்புரையோடு பிறக்கும் குழந்தைகளுக்குக் காத்திராமல் விரைந்து அறுவை செய்யவேண்டும் என்ற மருத்துவ நெறிக்கு இவ்வாய்வு வலுவான அடிப்படையாயிற்று. அந்தப் பூனைக்குட்டிகள் கொடுத்த விலையையும் நாம் நினைவில் கொள்ளத்தான் வேண்டும்.

இதற்கெல்லாம் இடம் தந்தவர் கஃப்லர். 1959இல் தம் குழுவோடு ஹார்வர்டுக்குப் பெயர்ந்த அவர், 1966இல் அங்கே நரம்பு உயிரியலுக்கென்று தனித்துறை அமைத்தார். உடலியங்கியலார், உயிர்வேதியியலார், உடற்கூற்றியலார் மூவரும் தத்தம் துறைச் சுவர்களை விட்டு ஒரே கூரையின்கீழ் வந்தார்கள். வீஸல் 1973இல் ஏற்றது கஃப்லரின் இந்த நாற்காலியைத்தான். ஆளைத் தேர்ந்து, இடம் கொடுத்து, விலகி நிற்பதும் அறிவியல் பணியே என்பதை அவர் கண்ணெதிரே கண்டிருந்தார்.

1983இல் வீஸல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். துறைகளாகப் பிரியாமல், ஆய்வகங்களாக மட்டுமே இயங்கும் சிறிய நிறுவனம் அது. 1990இல் அதன் தலைவரான டேவிட் பால்டிமோர், மூத்தவர்களின் நிழலிலேயே இளையோர் நெடுங்காலம் இருக்கும் வழக்கத்தை மாற்ற முனைந்தார். மூத்தோர் சிலருக்கு அது உவப்பாக இல்லை. அவரோடு சேர்ந்து கட்டுரை எழுதிய ஒருவர்மீது எழுந்த முறைகேட்டுக் குற்றச்சாட்டும் சேர்ந்துகொள்ள, 1991இல் அவர் பதவி விலகினார். (அக்குற்றச்சாட்டு 1996இல் மேல்முறையீட்டில் தள்ளுபடியானது.) பிளவுபட்டுக் கிடந்த நிறுவனத்தை ஏற்றபோது வீஸலுக்கு அறுபத்தேழு வயது. 1998 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

அக்காலத்தில் அங்கு வந்தவர்களுள் ஒருவர் ராடரிக் மக்கின்னன். மருத்துவம் படித்து, அயனிகள் செல்லும் வழிகளை ஆராய்ந்துவந்தவர். நடுவயதில் எக்ஸ்கதிர்ப் படிகவியலைப் புதிதாகக் கற்கத் துணிந்தார். 1996இல் ராக்ஃபெல்லருக்கு வந்தார். 1998இல் பொட்டாசிய அயனிவழியின் வடிவத்தை வெளியிட்டார். 2003இல் வேதியியல் நோபல் பெற்றார். அப்பெருமை முழுவதும் மக்கின்னனுடையதே. எனினும், துறை மாறத் துணிந்தவருக்குக் கதவு திறந்திருந்தது என்பதும் வரலாற்றின் பகுதி.

பதவி முடிந்த பின்னும் வீஸல் ஓயவில்லை. 1994 முதல் 2004 வரை அமெரிக்க அறிவியல் கழகங்களின் மனித உரிமைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். உலகெங்கும் சிறைப்பட்ட அறிவியலாளர்களுக்காகக் குரல் கொடுத்த குழு அது. 2000 முதல் 2009 வரை, நாடுகளையும் துறைகளையும் கடந்த ஆய்வுகளுக்கு நிதி வழங்கும் மனித எல்லை அறிவியல் திட்டத்தின் பொதுச்செயலாளராக இருந்தார்.

ஹ்யூபெல் 2013இல் மறையும்வரை ஆய்வாளராகவே அறியப்பட்டார். அதில் குறை காண ஏதுமில்லை. ஆனால் நாற்காலியை மறுப்பது மட்டுமே அறிவியல்மீதான காதலுக்குச் சான்று என்று நாம் எண்ணிவிடக் கூடாது. உரிய பருவத்தில் ஒளி கிடைக்காவிட்டால் குறையற்ற கண்ணும் குருடாகும் என்று காட்டியவர், பிறருக்கு அந்த ஒளி உரிய பருவத்தில் கிடைக்கத் தம் ஆய்வு நேரத்தைக் கொடுத்தார். அவர் எழுதாமல் விட்ட கட்டுரைகள் எத்தனையோ, யாராலும் எண்ண முடியாது. அவர் கொடுத்த இடத்தில் பிறர் எழுதியவை மட்டும் நம் கண்முன் இருக்கின்றன.