கேள்வியின் வரலாறு: வெல்ஷ் மொழியில் விளையாட்டு நேர்காணல்

2016 கோடையில் பிரான்ஸில் நடந்த யூரோ கால்பந்துப் போட்டியில் வேல்ஸ் அணி அரையிறுதி வரை சென்றது. அந்த நாட்களில் ஆரன் ராம்ஸி, பென் டேவிஸ், ஜோ ஆலன் ஆகியோர் ஊடகங்களிடம் ஆங்கிலத்தோடு வெல்ஷ் மொழியிலும் பேசினர். பலர் இதை வீரர்களின் நாட்டுப்பற்று என்று பாராட்டினர். பாராட்டு பொருத்தமானதே. ஆனால் ஒரு வீரர் தம் மொழியில் பதில் சொல்வதற்கு முன்னால், அம்மொழியில் அவரிடம் கேள்வி கேட்க ஒருவர் நின்றிருக்க வேண்டும். அந்த ஆள் அங்கே எப்படி வந்து நின்றார் என்பதைத்தான் இக்கட்டுரை தேடுகிறது.

தொடக்கம் சொற்களில் இருக்கிறது. தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் ரக்பி மக்களின் ஆட்டமாக வேரூன்றியது. அதன் கலைச்சொற்களோ ஆங்கிலத்திலேயே இருந்தன. வீட்டிலும் தேவாலயத்திலும் வெல்ஷ் பேசியவர்கள்கூட, ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலச் சொற்களைக் கடன் வாங்கினர். இந்நிலையை மாற்றியதில் பெரும்பங்கு ஐக் டேவிஸுக்கு (1909–1993) உண்டு. ஆசிரியராகவும் நாடகாசிரியராகவும் இருந்த அவர், பிபிசி வானொலியில் ரக்பியை வெல்ஷில் விவரிக்கச் சொற்களை உருவாக்கினார். இரு அணியினரும் தோள் பிணைத்துப் பந்துக்காகத் தள்ளும் ஸ்க்ரம்முக்கு அருகே ஆடும் ஸ்க்ரம் ஹாஃப், ‘உள்ளே’ எனப் பொருள்படும் சொல்லிலிருந்து ‘மியூனுர்’ ஆனார். அவருக்கு வெளியே நிற்கும் ஃப்ளை ஹாஃப் ‘மாஸுர்’ ஆனார். ‘மாஸ்’ என்றால் வெளியே. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏட்டு வழக்கில் ‘வெளியே’ என்பதற்கு வேறு சொல் உண்டு. ‘மாஸ்’ தெற்கத்தி மக்களின் பேச்சுச் சொல். ஆட்டம் எந்த மண்ணில் ஆடப்பட்டதோ அந்த மண்ணின் வாயிலிருந்தே கலைச்சொல் எடுக்கப்பட்டது. அது நிலைத்ததற்கு முதன்மைக் காரணம் இதுவே என்பது என் கணிப்பு. அகராதிக்குள் அமர்ந்து ஆக்கிய சொல்லாக இருந்திருந்தால், மூச்சு வாங்க நிற்கும் வீரரின் நாவில் அது வந்திருக்காது.

அடுத்த தலைமுறையில் ஆடியவர்களும் பயிற்றுவித்தவர்களுமே கேட்பவர்களாயினர். 1971இல் நியூசிலாந்தில் தொடரை வென்ற பிரிட்டிஷ் லயன்ஸ் ரக்பி அணியின் பயிற்சியாளர் கார்வின் ஜேம்ஸ், ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன்; வெல்ஷ் இலக்கியம் படித்தவர், அதைக் கற்பித்தவர். ஒலிபரப்பிலும் அம்மொழியில் ஆட்டத்தை அலசினார். வேல்ஸுக்காக 23 பன்னாட்டுப் போட்டிகளில் ஆடிய ரே க்ராவெல், ஓய்வுக்குப் பின் வெல்ஷ் ஒலிபரப்பாளரானார்.

ஆயினும் தனிமனிதர்களின் ஆர்வம் மட்டும் ஒரு மரபை நிலைநிறுத்தாது. 1962 பிப்ரவரியில் எழுத்தாளர் சாண்டர்ஸ் லூயிஸ், வெல்ஷ் மொழி அழியும் தறுவாயில் இருப்பதாக வானொலி உரையில் எச்சரித்தார். அதன்பின் எழுந்த இயக்கம் தெருவிலும் நீதிமன்றத்திலும் போராடியது. 1977இல் ரேடியோ கம்ரி என்ற வெல்ஷ் வானொலி தொடங்கியது. வெல்ஷுக்கெனத் தனித் தொலைக்காட்சி தருவதாகச் சொன்ன பிரிட்டிஷ் அரசு பின்வாங்கியபோது, 1980இல் வேல்ஸ் தேசியக் கட்சித் தலைவர் குவின்வோர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கப்போவதாக அறிவித்தார். அரசு இறங்கி வந்தது. 1982 நவம்பர் 1 அன்று வெல்ஷ் தொலைக்காட்சியான எஸ்4சி ஒளிபரப்பைத் தொடங்கியது. 1988இல் அதில் ‘ஸ்கோரியோ’ என்ற கால்பந்து நிகழ்ச்சி வந்தது. மைதானத்தின் ஓரத்தில் வெல்ஷில் கேட்கும் ஒலிவாங்கி நிலைபெற்றது இந்த நிறுவனங்களால்தான். வேல்ஸ் கால்பந்துச் சங்கத்தின் தகவல் தொடர்புப் பொறுப்புக்கு வந்த இயன் க்வின் ஹியூஸும் முன்பு பிபிசி வர்ணனையாளராக இருந்தவரே.

பள்ளிகளையும் சொல்லியாக வேண்டும். பென் டேவிஸ் படித்த அஸ்டலவேரா பள்ளி 1969இலும், ராம்ஸி படித்த கும் ரம்னி பள்ளி 1981இலும் வெல்ஷ் வழிக் கல்விக்கென்றே தொடங்கப்பட்டவை. ஆங்கிலம் பரவிவிட்ட பகுதிகளில் பெற்றோர் கேட்டுப் பெற்ற கல்வி இது.

இந்த நேர்காணல்கள் மொழியைக் காப்பாற்றிவிட்டன என்று எழுத எனக்கும் ஆசைதான். கணக்கு அதற்கு இடம் தரவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசுவோர் 19 விழுக்காடு. யூரோவின் பெருமிதத்துக்குப் பிறகு எடுக்கப்பட்ட 2021 கணக்கெடுப்பில் 17.8 விழுக்காடு. ஆனால் தோல்வியின் கசப்பையும் வெற்றியின் திணறலையும், எழுதி வைத்துக்கொள்ளாமல் அந்த நொடியிலேயே சொல்லும் இடம் அம்மொழிக்குக் கிடைத்திருக்கிறது. பாட்டு மேடையும் வழிபாடும் தராத இடம் அது.

அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் ஒலி, ஒளிப் பதிவுகளுக்கெனக் காப்பகம் இருக்கிறது. அதை ஆராய வருவோர், பதில் சொன்ன வீரரின் பெயரோடு கேள்வி கேட்டவரின் பெயரையும் தவறாமல் குறித்துக்கொள்ள வேண்டும்.