கூட்டு அறப்பணி நிதி (காவிரி டெல்டா)

சிறு தொண்டு அமைப்புகள் பலவும் ஒரு வட்டாரத்தில் சேர்ந்து வேலை செய்வதற்கென்றே வழங்கப்படும் பணம் கூட்டு அறப்பணி நிதி எனப்படும். அமைப்புகள் கூடிப் பேசவும், தகவல் திரட்டவும், யார் எந்த ஊரைக் கவனிப்பது என்று பங்கிட்டுக்கொள்ளவும், பொதுக் கணக்கு எழுதவும் ஆகும் செலவு இதில் அடங்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களைக் கொண்ட காவிரி டெல்டாவில் இப்பெயர் புதிது, ஏற்பாடு பழையது. நல்லெண்ணம் மட்டும் இருந்தால் கூட்டு வேலை நடந்துவிடாது, கூட்டுவதற்கென்று தனியே பணம் வைத்தால்தான் நடக்கும் என்பதற்கு இவ்வட்டாரத்தின் வரலாறே போதிய சான்று.

தெளிவான முதற்சான்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள். முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் அதிகாரிகளும் கோயிலுக்கு அளித்த காசு கருவூலத்தில் முடங்கிக் கிடக்கவில்லை. சோழ நாட்டின் சபைகளுக்கும் ஊர்களுக்கும் நகரத்தாருக்கும் அது கடனாகக் கொடுக்கப்பட்டது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. அந்த வட்டியிலிருந்து இறைவன் திருமஞ்சன நீரில் இடும் ஏலக்காயும் சண்பக மொட்டும் இலாமிச்சை வேரும் வந்தன. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று வகுத்து இடையரிடம் ஒப்படைத்து, நாள்தோறும் உழக்கு நெய் பெற்றனர். காவலர்களையும் பண்டாரிகளையும் கணக்கரையும் இன்னின்ன ஊர் அனுப்ப வேண்டும் என்றும், அவர்களுக்கு எவ்வளவு நெல் என்றும் கல்லிலேயே பொறித்தனர். இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி தானத்தின் அளவில் இல்லை. நெல் அளக்க ‘ஆடவல்லான்’ என்ற ஒரே மரக்கால் இருந்ததும், கணக்கு எழுதுபவனுக்குக் கூலி ஒதுக்கியிருந்ததும்தான் நூற்றுக்கணக்கான சிறு பொறுப்புகளை ஒரு பணியாகக் கோத்தன. இதை வரிவசூலின் மறுவடிவம் என்பாரும் உண்டு. அரசாணையின் அழுத்தம் அதில் இருந்தது உண்மையே. ஆனால் வெறும் வரியாக இருந்தால் ஊர்களுக்கு முதலைக் கொடுத்து வட்டி கேட்டிருக்க வேண்டியதில்லை.

பின்னாளில் இந்தக் கோப்பு தளர்ந்தது. மராட்டியர் காலச் சத்திரங்கள், 1802-இல் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் நிறுவிய முத்தாம்பாள் சத்திரம் உட்பட, அரச கொடையை நம்பி நின்றவை. வாய்க்கால் தூர்வாரும் குடிமராமத்து மட்டும் ஊர்க்கூட்டு வேலையாக நீடித்தது. அதையும் 1858-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாய உழைப்பு ஆக்கியது.

தற்காலத்தின் முதன்மைச் சான்று நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அம்மாவட்டத்தில் மட்டும் 6,065 உயிர்களைக் கொண்டுபோனது. சில நாள்களில் நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கின. மீனவர் உடுத்த மறுத்த பழைய துணிகள் சாலையோரம் மலையாகக் கிடந்தன; ஒரே குப்பத்துக்கு மூன்று அமைப்புகள் அரிசி கொண்டுபோக, அடுத்த ஊர் வெறுங்கையுடன் காத்திருந்தது. 2005 ஜனவரியில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் நாகையின் சிநேகா அமைப்பும் மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பு மையம் ஒன்றைத் தொடங்கின. தொடக்கத்தில் அது நிவாரணப் பொருள் வழங்கவில்லை. எந்த ஊரில் என்ன தேவை, யார் எதைச் செய்கிறார்கள் என்ற பட்டியலைத் தயாரித்து எல்லாருக்கும் கொடுத்தது. பின்னர் ஊர்களில் தகவல் மையங்களை வைத்தது. அந்தப் பட்டியல்தான் இந்தக் காலத்து ஆடவல்லான் மரக்கால். வலையும் படகும் இழந்த மீனவருக்கு உதவி வந்து குவிந்தபோது, கடலோர வயல்களில் கூலி வேலை செய்த தலித் குடும்பங்கள் கணக்கிலேயே வராமல் போயின. 1981 முதல் லாஃப்டி அமைப்பு நிலம் பெற்றுத்தரப் போராடியது இதே நிலமற்ற உழைப்பாளிகளுக்காகத்தான். அவர்கள் விடுபட்டதை எடுத்துச் சொன்னவை அந்த ஊர்களிலேயே வேலை செய்த சிறு அமைப்புகள். உப்பேறிய வயலை மீட்டதும் கூட்டாகவே: ஆழ உழுது, வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழும் முறையை இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும் இயற்கை உழவர்களும் ஊர் ஊராகக் கொண்டுசென்றார்கள்.

ஒருங்கிணைப்புக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் ஏழையின் கைக்குப் போகாத ரூபாய் என்பது கூட்டு நிதிக்கு எதிராக அடிக்கடி சொல்லப்படும் வாதம். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் படகுக்கு மட்டுமே பணம் தந்ததால் என்ன ஆயிற்று? கட்டுமரக்காரர்களுக்கும் பைபர் படகுகள் வந்தன. சில குப்பங்களில் பேரலைக்கு முன்பு இருந்ததைவிடப் படகுகள் பெருகிவிட்டன. படகில் கொடையாளர் பெயரை எழுதலாம், பட்டியலில் எழுத முடியாது. கொடை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம். இதெல்லாம் அரசின் வேலை என்பது இன்னொரு வாதம். அரசு தன் வேலையைச் செய்தது: 2005 மார்ச் 30 அன்று வெளியான 172-ஆம் அரசாணை, ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடுகளைத் தொண்டு நிறுவனங்கள் கட்டித்தர வழி வகுத்தது. ஆனால் ஆட்சியர் அலுவலகத்துக்குத் தெரிவது மனு கொடுத்தவரின் பெயர். மனு எழுதத் தெரியாதவரின் பெயர் அந்தத் தெருவில் வேலை செய்பவருக்கே தெரியும். சேர்ந்து வேலை செய்தால் சிறு அமைப்பின் தனித்தன்மை போய்விடும் என்ற அச்சமும் இருக்கிறது. ஒரே கொடையாளரின் பிடியில் எல்லாரும் இருந்தால் அது நேரும். நாகையில் அவரவர் திட்டம் அவரவர் கையிலேயே இருந்தது. பொதுவாக இருந்தது தகவல் மட்டுமே.

ஆழிப்பேரலை நிதி வற்றியதும் நாகை ஒருங்கிணைப்பு மையம் முடிவுக்கு வந்தது; அதன் வழியில் பெட்ராக் என்ற அமைப்பு உருவானது. 2020-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், அப்படி வரும் பணத்தை ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்குக் கொடுப்பதைத் தடை செய்து, நிர்வாகச் செலவின் வரம்பையும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்துவிட்டதால், பெரிய அமைப்பு பணம் பெற்றுச் சிறியவற்றுக்குப் பகிரும் வழி அடைபட்டது. பணமில்லாமல் நடக்கும் கூட்டுகள் எஞ்சியுள்ளன. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006-இல் தொடங்கிய நெல் திருவிழாவில் 2 கிலோ பாரம்பரிய விதை நெல் வாங்கிச் செல்பவர், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது முறை.