ஸரன்தீபின் பெயர் தாங்கிய கல்

பேருவளைச் சீனன்கோட்டையிலும் இரத்தினபுரியிலும் கல் வியாபாரம் நம்மவர்களின் பரம்பரைத் தொழில்களுள் ஒன்று. நீலம், புஷ்பராகம், வைடூரியம் முதலிய பெயர்கள் அங்கு அன்றாடம் புழங்குவன. ஆனால் இத்தீவின் பழம்பெயரைத் தன் பெயராகவே கொண்ட கனிப்பொருள் ஒன்றை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அதன் விஞ்ஞானப் பெயர் செரண்டிபைற்.

1902ஆம் ஆண்டு கண்டிக்குக் கிழக்கே, அம்பகோட்டேயை அடுத்த கங்கபிட்டிய என்ற இடத்தில் இது கண்டெடுக்கப்பட்டது. சுண்ணாம்புக் கற்பாறையும் வேறொரு பாறையும் ஒன்றையொன்று தொடும் இடத்தில், நீல நிறச் சிறு மணிகளாக அது படிந்திருந்தது. கல்சியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கன் ஆகியவற்றோடு போரனும் சேர்ந்த அபூர்வமான கூட்டு இது. 1903இல் இலண்டனிலிருந்து வெளிவந்த கனிப்பொருளியல் சஞ்சிகையொன்றில் இதனை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்கள் இருவர். ஒருவர் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த ஜி. ரி. பிரையர். மற்றவர் ஆனந்த குமாரசுவாமி.

குமாரசுவாமியைக் கலை வரலாற்று மேதையாகவே நாம் அறிவோம். ஆனால் 1877இல் கொழும்பில், சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கிலத் தாய்க்கும் மகனாகப் பிறந்த அவர் முதலில் கற்றது புவிச்சரிதவியல். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதலாவது பணிப்பாளராகவும் அவர் கடமையாற்றினார். சிங்களக் கைவினைகள் பற்றிய அவரது பெருநூல் 1908இல்தான் வெளிவந்தது.

புதிய கனிப்பொருளுக்குப் பெயரிடுவதில் மூன்று வழிகள் பெருவழக்கு. அதிலடங்கிய மூலகத்தால் பெயரிடுவது ஒன்று. பலாங்கொடைப் பகுதியில் கிடைத்து, 1904இல் பெயர்பெற்ற தோரியனைற் இதற்கு உதாரணம். கண்டுபிடித்தவரின் பெயரை வைப்பது இன்னொன்று, எஃப். எல். டி. ஏக்கநாயக்கவின் பெயரால் 1961இல் ஏகனைற் அமைந்தது. மூன்றாவது, கிடைத்த இடத்தின் பெயர். 'ஐற்' என்ற கிரேக்க விகுதி பெயரின் இறுதியில் ஒட்டிக்கொள்ளும். பிரையரும் குமாரசுவாமியும் தெரிந்தது மூன்றாவது வழியை. அப்போது வழக்கிலிருந்த சிலோன் என்ற பெயரையோ, கங்கபிட்டிய என்ற ஊர்ப்பெயரையோ அவர்கள் எடுக்கவில்லை. அறபிகள் வழங்கிய ஸரன்தீப் என்ற பெயரையே எடுத்தார்கள்.

ஸரன்தீப் என்பது அறபிகள் இத்தீவுக்குச் சூட்டிய பெயர் என்று நம் மேடைகளில் பெருமையோடு சொல்லப்படுவதுண்டு. இக்கூற்றைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இஸ்லாம் தோன்றுவதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, 4ஆம் நூற்றாண்டு உரோம வரலாற்றாசிரியர் அம்மியானஸ் மார்செலினஸ், ஜூலியன் பேரரசனிடம் வந்த தூதர்களைக் குறிப்பிடுகையில் 'திவி', 'செரெந்திவி' என்ற இரு பெயர்களை எழுதிவைத்தார். முன்னையது மாலைதீவையும் பின்னையது இலங்கையையும் குறிப்பன என்பர். சேரன் தீவு என்பதே ஸரன்தீப் ஆயிற்று என்போரும் நம்மிடையே உளர். ஆயினும் சிங்களதுவீபம் என்பதன் பாகத வடிவமே மேற்கே சென்று இவ்வாறு திரிந்தது என்பதே அறிஞரிடையே பெரிதும் ஏற்கப்படும் கருத்து. துவீபம் 'தீப்' ஆனது. லகரம் ரகரமாயிற்று. மாலைதீவை அறபிகள் 'தீபஜாத்' என்று அழைத்ததிலும் இதே 'தீப்' தான் இருக்கிறது.

அப்படியானால் அறபிகளின் பங்கு என்ன? பெயரைப் படைத்தவர்கள் அல்லர், அதை வாழவைத்தவர்கள். 9ஆம் நூற்றாண்டின் கடற்பயணக் குறிப்புகள் ஸரன்தீபைப் பேசுகின்றன. 11ஆம் நூற்றாண்டில் இரத்தினக்கற்களைப் பற்றித் தனிநூலே எழுதிய அல்பிரூனியும் அப்பெயரை அறிவார். சிந்துபாதின் ஆறாவது பயணம் இங்கேதான் வந்து சேர்கிறது. 1344இல் வந்த இப்னு பதூதாவோ தீவைச் 'சீலான்' என்று எழுதி, பாவாத மலையையே ஸரன்தீப் மலை என்றார். பாரசீகக் கதையொன்றின் வழியாக ஐரோப்பாவை அடைந்த இதே பெயரிலிருந்துதான், 1754இல் ஹொரஸ் வோல்போல், தேடாமலே கிட்டும் பேற்றைக் குறிக்க 'செரண்டிபிற்றி' என்ற ஆங்கிலச் சொல்லை ஆக்கினார்.

இக்கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கபில நிறப் பெரிடொட் என்று நூதனசாலைகளில் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்த கற்கள் வேறொரு கனிப்பொருள் என்று 1952இல் நிரூபணமாயிற்று. அதுவும் போரன் அடங்கியதே. இத்தீவின் வடமொழிப் பெயரை வைத்து அதற்குச் சிங்களைற் என்று பெயரிட்டார்கள். பெயரளவில் பார்த்தால் ஒன்று அறபியருக்கு உரியது, மற்றது சிங்களவருக்கு உரியது போலத் தோன்றும். ஆனால் மேற்சொன்ன கருத்துப்படி இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஒன்று கடல் கடந்து போய்த் திரும்பிவந்த பெயர். மற்றது போகாமல் இருந்த பெயர்.

கனிப்பொருளுக்கு ஒருமுறை நிலைத்துவிட்ட பெயர் எளிதில் மாறுவதில்லை. 1972இல் சிலோன் அதிகாரபூர்வமாக ஸ்ரீலங்கா ஆயிற்று. செரண்டிபைற் அப்படியே இருக்கிறது. பின்னர் இக்கனிப்பொருள் அமெரிக்காவின் நியூயோர்க், கலிபோர்னியா மாநிலங்களிலும், பர்மாவின் மொகொக்கிலும் கிடைத்தது. அங்கெல்லாமும் அதன் பெயர் ஸரன்தீபையே சொல்கிறது. பட்டை தீட்டத் தக்க கற்கள் கிடைப்பது மிக அரிது.

சிங்களக் கிராமமொன்றில் கிடைத்த கல். அதற்குப் பெயர் தந்தவர்கள் ஓர் ஆங்கிலேயரும் தமிழ்த் தந்தையின் மைந்தர் ஒருவரும். பெயரோ அறபிகள் காத்துத் தந்தது. இத்தீவில் யார் முந்தியவர், யார் பிந்தியவர் என்று பெயர்களை முன்வைத்து வழக்காடுவோர் இன்றும் உளர். ஸரன்தீப் எங்கள் சொல் என்று உரிமை கோருவதைவிட, அதை ஆயிரம் ஆண்டுகள் சுமந்து வந்தவர்களுள் நாமும் இருக்கிறோம் என்று சொல்வதே வரலாற்றுக்குப் பொருந்தும். அதில் பெருமைக்கும் குறைவில்லை.