கசீக்கே: தீவிலிருந்து கிளம்பிய ஒரு பட்டம்

1492 டிசம்பரில், கரீபியக் கடலின் இஸ்பானியோலா தீவின் வடகரையில் கொலம்பஸுக்கு ஒரு சொல் பிடிபடவில்லை. அங்கிருந்த தைனோ மக்கள் தங்கள் தலைவரை ‘கசீக்கே’ என்றார்கள். அப்படியென்றால் அரசரா, ஆளுநரா? தெரியவில்லை என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். சில நாட்களில், கிறிஸ்துமஸ் இரவில், அவருடைய சாந்தா மரியா கப்பல் தரைதட்டியது. ஆட்களையும் படகுகளையும் அனுப்பிச் சரக்கைக் கரைசேர்த்தவர் குவாகனகரி என்ற கசீக்கே.

தைனோ ஊரில் கசீக்கே செதுக்குவேலை செய்த மர இருக்கையில் அமர்வார். கழுத்தில் பொன்னும் செம்பும் கலந்த பதக்கம் தொங்கும். பட்டம் பெரும்பாலும் தாய்வழியில் இறங்கும். பெண்களும் அதை வகித்தார்கள். தீவின் ஹராகுவா பகுதியை ஆண்ட அனகவோனா அவர்களில் ஒருவர். ஸ்பானிய ஆளுநர் ஒவாந்தோ அவரைத் தூக்கிலிட்டார்.

போரும் அடிமை வேலையும் நோயும் தைனோக்களைச் சூறையாடின. அவர்கள் சொல்லோ ஸ்பானியரோடு கப்பலேறி மெக்சிகோவுக்கும் பெருவுக்கும் போனது. மெக்சிகோவில் ‘த்லாத்தோவானி’, ஆந்தீஸ் மலைகளில் ‘குராக்கா’ என்று தலைவர்களுக்குப் பழைய பட்டங்கள் இருந்தன. ஸ்பானிய ஏடுகளில் எல்லோரும் கசீக்கே ஆனார்கள். உள்ளூர்த் தலைவர்கள் தங்களை ஊர்களின் ‘செஞோர்’, அதாவது ஆண்டான், என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, கசீக்கே என்றே அழைக்கப்பட வேண்டும் என 1538இல் பேரரசர் ஐந்தாம் கார்லோஸ் ஆணையிட்டார். ஆண்டான் என்றால் மண்ணில் உரிமை உண்டு. அந்த உரிமை அரசர் ஒருவருக்கே. கசீக்கேவுக்கு வரிவிலக்கு உண்டு, பெயருக்கு முன் ‘தோன்’ என்ற மரியாதை உண்டு. பதிலுக்கு அவர் தன் மக்களிடம் வரி வசூலித்து, சுரங்கத்துக்கு ஆளனுப்ப வேண்டும்.

1780இல் பெருவில் அப்படிப்பட்ட ஒரு கசீக்கேதான் கிளர்ந்தெழுந்தார்: இரண்டாம் துபாக் அமாரு. மறு ஆண்டு குஸ்கோவில் அவரைக் கொன்ற ஸ்பானிய அரசு, பரம்பரைப் பட்டங்களையும் ஒடுக்கியது. மிச்சமிருந்ததை 1825இல் விடுதலைப் போர்த் தலைவர் பொலிவார் பெருவில் ஒழித்தார்.

அதற்குள் சொல் ஸ்பெயினுக்கே குடிபெயர்ந்திருந்தது. செல்வாக்கைக் காட்டி ஊரை மிரட்டும் பெரிய மனிதர் என்ற பொருளை ஸ்பானிய மொழிக் கழகத்தின் அகராதி 1729லேயே பதிவு செய்தது. 1874க்குப் பிந்தைய ஸ்பெயினில் அந்தப் பொருள் முழு உருவம் கண்டது. இரு கட்சிகள் முறைவைத்து ஆண்டன. யார் வெல்வது என்பதைத் தலைநகர் மத்ரித் முன்கூட்டியே எழுதிவைக்கும். ஊரில் அதை நடத்திக்காட்டுபவர் கசீக்கே. வேலை, வழக்கு, மகனுக்குப் பட்டாளத்திலிருந்து விலக்கு எல்லாம் அவர் கையில். செத்தவர்களும் ஓட்டுப் போட்டார்கள். தேர்தல் தில்லுமுல்லுக்குச் சமையல் பானையின் பெயரிலிருந்தே ஒரு சொல் பிறந்தது: ‘புச்செராஸோ’. நாட்டை உண்மையில் ஆள்வது இந்த ஏற்பாடுதான் என்று 1901இல் சிந்தனையாளர் ஹொவாக்கின் கோஸ்தா மத்ரித்தில் சாடினார். அடுத்தவர் தலைவர்களைச் சிறுமைப்படுத்த அரசு பயன்படுத்திய பட்டம், அதன் சொந்த ஊர்களின் அதிகாரத்துக்கே பெயரானது.

இன்று ஸ்பெயினில் அலுவலக மேலாளர் ‘ஹெஃபே’, ஊரின் மேயர் ‘அல்கால்தே’. யாரையாவது கசீக்கே என்றால் அது வசை. பனாமாவிலோ அது சட்டப்படியான பதவி. அங்கே ங்கோபே-புக்ளே பழங்குடிகள் 2011இல் சில்வியா கரேராவைத் தங்கள் முதல் பெண் தலைமைக் கசீக்கேவாகத் தேர்ந்தெடுத்தார்கள். சுரங்கங்களுக்கும் அணைகளுக்கும் எதிராக மக்கள் சாலைக்கு வந்தபோது, அவர்கள் சார்பில் அரசோடு பேச அமர்ந்தவர் அவர்.