வாசலுக்கு வந்த பணம்

முதியோர் உதவித்தொகை இன்றும் வருகிறது. போஸ்ட்மேன் அதை வீட்டு வாசலில் எண்ணிக் கொடுத்த வழக்கம்தான் போய்விட்டது.

1962 ஏப்ரலில், காமராஜர் முதல்வராக இருந்தபோது, மாதம் 20 ரூபாயில் தொடங்கிய திட்டம் இது. பல பத்தாண்டுகள் மணியார்டரில்தான் பணம் வந்தது. சேலத்தின் ஓரத்தில், ஏற்காட்டுச் சாலை மலையேறத் தொடங்கும் அடிவாரத்திலும் அப்படித்தான். "ஆயா, பணம் வந்திருக்கு, வாங்க" என்று போஸ்ட்மேன் கூப்பிடுவார். திண்ணையில் உட்கார்ந்து, ஆயாவின் பெருவிரலை மையில் தொட்டு, பாரத்தில் உருட்டி எடுத்து, நோட்டுகளை இரண்டு தரம் எண்ணித் தருவார். அதில் பத்தோ இருபதோ பிடித்துக்கொண்டவர்களும் உண்டு, அது அநியாயம்தான். ஆனாலும் மருமகள் பார்க்க, அக்கம்பக்கம் பார்க்க, பணம் ஆயாவின் கையில் விழுந்தது. முந்தியில் முடிந்தது போக மிச்சத்தை மகனுக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் அவள் இஷ்டம். வீட்டில் அவள் பேச்சுக்கு அதனால் ஒரு மதிப்பு இருந்தது. படுத்துவிட்டால் போஸ்ட்மேன் கட்டிலருகே வருவார். கஞ்சி ஊற்ற ஆள் இருக்கிறதா என்பது மாதம் ஒருமுறை அரசாங்கத்து ஆள் ஒருவர் கண்ணில் பட்டது.

மணியார்டர் கமிஷன் நூற்றுக்கு ஐந்து. 2011-இல் உதவித்தொகை 500-இலிருந்து 1,000 ஆனபோது, ஆளுக்கு 50 ரூபாய் கமிஷன். பட்டுவாடாவை வங்கிக்கு மாற்றியது அந்தக் கணக்கில் சரிதான்.

இப்போது பணம் எடுக்க மிஷினில் ரேகை வைக்க வேண்டும். காப்பித் தோட்டத்திலும் மேக்னசைட் சுரங்கத்திலும் தேய்ந்த விரல்கள் பல நேரம் அதில் பதிவதில்லை. சேலையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வாங்க பாட்டி" என்ற பதிலோடு திரும்ப வேண்டும். ஏடிஎம் கார்டு பேரனிடம் இருந்தால், பணம் வந்ததா என்பதே தெரியாது.

பிள்ளைகள் பெற்றோரைப் பராமரிக்க 2007-இல் சட்டம் வந்தது. ஆர்டிஓ விசாரித்து மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லலாம். பெற்ற மகன்மேல் மனு எழுதிக்கொண்டு எத்தனை தாய்மார் போவார்கள்? மனு இல்லாமலே பாதிக் காரியத்தை அந்த மணியார்டர் முடித்துக்கொடுத்தது.

2023-இல் தொகை 1,200 ஆனது. நல்லது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்காவது, அதே மாதிரி ஆள் அனுப்பிப் பணத்தையும் கையில் கொடுக்கலாம்.